அப்பா பிரித்த பொட்டலம்

இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வரும்போது அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகியிருக்கும். துக்கத்துக்கு வந்த எல்லோரும், "தைரியமான மனுசன்" என்றீர்கள். நானும் தலையாட்டினேன். அது பாதிதான் உண்மை. கடலுக்குப் பயப்படாத அப்பா, நான்கு வருடம் எனக்காக நடுங்கிக்கொண்டே இருந்தார். கடைசியில்தான் அது எனக்கே தெரிந்தது.

அப்பா பிறந்தது வீராம்பட்டினத்தில். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்று, தகப்பனாரின் படகில் ஏறியவர். யாரையும் கடிந்து பேசமாட்டார். நல்ல மீனாகப் பார்த்து அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிட்டு அம்மாவிடம் திட்டு வாங்குவார். ஒருமுறை புயலில் இன்ஜின் நின்றுபோய், மறுநாள் மத்தியானம் கரை சேர்ந்தவர், வந்ததும் சோறு கேட்டாராம்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் எனக்கு இரண்டு அரசுப் பல்கலைக்கழகங்களில் பொறியியல் படிக்க இடம் கிடைத்தது. ஒன்று நம் ஊரில். காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். இன்னொன்று ரயிலில் ஒன்றரை நாள் தூரம். பேர்பெற்ற இடம், ஆனால் அங்கே பேச்சுத்துணைக்குத் தமிழ் ஆள் கிடைப்பாரா என்பதே சந்தேகம். மறுநாள் மதியத்துக்குள் ஒன்றை உறுதி செய்யவேண்டும், விட்டால் விட்டதுதான். போகவும் பயம், போகாமல் இருக்கவும் பயம்.

அப்பாவின் தங்கையான என் அத்தைதான் வழி சொன்னார். "அம்மங்கிட்ட பூக்கட்டிப் பாத்துடுண்ணா. ஆனா அவ சொன்னா சொன்னதுதான், மீறக்கூடாது."

கோயிலில் ஓர் இலையில் சிவப்பு அரளியும் இன்னோர் இலையில் வெள்ளை அரளியும் மடித்து அம்மன் முன்னால் வைத்தார்கள். சிவப்பு வந்தால் உள்ளூர், வெள்ளை வந்தால் வெளியூர். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்து அப்பாவிடம் நீட்டினேன். அவர் விளக்குப் பக்கம் திரும்பி நின்று பிரித்தார்.

"வெள்ளப் பூதாம்மா. நீ கெளம்பு" என்றார். பூவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

போனேன். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் போன் வரும். "தலவலி எதுனா இருக்கா? ரோட்ட பாத்து தாண்டுறியா? மாடிப்படில மெதுவா எறங்கும்மா." பரீட்சைக் கடுப்பில் ஒருநாள் கத்திவிட்டேன். "எனக்கு ஒண்ணும் ஆவாதுப்பா! ஏம்ப்பா இப்படி உயிர வாங்குற?" சரிம்மா, சரிம்மா என்று வைத்துவிட்டார். மறுநாள் அதே நேரத்துக்கு மறுபடியும் போன். இரண்டாம் வருடம் எனக்குக் காய்ச்சல் வந்தபோது, முன்பதிவில்லாப் பெட்டியில் நின்றுகொண்டே வந்து சேர்ந்தார். இரண்டு நாள் விடுதி வாசலில் பச்சைத்தண்ணீர் பல்லில் படாமல் உட்கார்ந்திருந்தார். சாதாரணக் காய்ச்சலுக்கு இந்த மனுஷன் ஏன் இப்படிச் சாகிறார் என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. பாவி நான், ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

படிப்பு முடித்து ஊருக்கே திரும்பி வந்து லாஸ்பேட்டையில் வேலையில் சேர்ந்தேன். அதே வருடம் அப்பாவின் நுரையீரல் கெட்டுப்போனது. மருத்துவமனையில் ஒரு மத்தியானம் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்கு வந்தது செவப்பும்மா."

கோயிலில் பிரித்த பூவைத்தான் சொல்கிறார் என்று புரிந்ததும் நாற்காலியை அருகே இழுத்துக்கொண்டேன்.

"நீ கண்ண மூடிக்கினு வெள்ள, வெள்ளன்னு முணுமுணுத்த. செவப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரல. அம்மன ஏமாத்திட்டேன். தண்டன குடுக்கறதுன்னா எனக்கு குடு, புள்ளய வுட்டுடுன்னு வேண்டிக்கினேன்." மூச்சு வாங்கியது. "ஒனக்கு ஒண்ணும் ஆவலயே?"

"ஒண்ணும் ஆவலப்பா."

"அப்ப சரி" என்று கண்ணை மூடிக்கொண்டார். அதன்பிறகு மூன்று நாள்தான் இருந்தார்.

நான் பொறியியல் படித்தவள். நுரையீரல் நோய்க்கும் அரளிப்பூவுக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பயமாக இருக்கிறது.

அப்பாவோடு ஒரே படகில் தொழிலுக்குப் போய், கடைசியில் அவரைத் தோளில் சுமந்த மாமாக்களுக்கும், தவளக்குப்பத்திலிருந்து தினமும் கஞ்சி கொண்டுவந்த சித்திக்கும், ஆஸ்பத்திரியே கதியென்று கிடந்த அத்தைக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அத்தை, இதைப் படித்துவிட்டு அப்பாவைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நினைவுநாள் படையல் முடிந்ததும் நான் தனியாகக் கோயிலுக்குப் போகப்போகிறேன். வெள்ளைக்கு ஆசைப்பட்டவள் நான்தான், தப்பில் பாதி என்னுடையது என்று அம்மனிடம் சொல்லிவிட வேண்டும். சொன்னால் என்ன வருமோ தெரியவில்லை. குறுக்கே வந்து நிற்க இந்தமுறை அப்பா இல்லை.