பழுது கையில் இல்லை

என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டியவர். குற்றாலத்தில் சாரல் விழுகிற சீசன் கூட்டத்துக்குள்ளும் ஒரு கீறல் இல்லாமல் வண்டியைக் கொண்டுபோனவர். போன வருஷம் வாதம் வந்து வலது கை விழுந்தது. சாமி புண்ணியத்தில் கை கொஞ்சம் திரும்பியதும், பஸ் ஓட்டும் விளையாட்டு விளையாடட்டும் என்று தென்காசியில் ஒரு கடையில் கம்ப்யூட்டரும் ஸ்டியரிங்கும் வாங்கினோம்.

வெறும் ரோட்டில் நன்றாக ஓடியது. பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்தால் போதும், படம் திக்கித் திக்கி நிற்கும். மறுபடி நகரும்போது வண்டி எதிலாவது இடித்திருக்கும்.

கடைக்காரர் வந்து பார்த்தார். "கிராபிக்ஸ் கார்டு புதுசுக்கா. அண்ணாச்சிக்குக் கைதான் நடுங்குது" என்றார், இவர் முகத்துக்கு நேரே.

அதோடு இவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. "போதும்ட்டி, இந்தக் கை அவ்வளவுதான்" என்று சோற்றைக்கூட இடது கையால் அள்ளினார். நான் குற்றாலநாதர் சன்னதியில் நின்று, கையைக் கொடு சாமி என்று அழுதேன்.

சென்னையிலிருக்கும் மகள்தான் போனில் விவரம் கேட்டுவிட்டுச் சொன்னாள். "எம்மா, படம் வரையுதது கார்டு. அத்தனை வண்டியும் ஆளும் எங்கன போகணும்னு கணக்குப் போடுதது ப்ராசசர். படத்தோட தரத்தைக் குறைச்சு வச்சு ஓட்டிப் பாருங்க. அப்பவும் கூட்டத்துல திக்குனா கார்டுல குறையில்ல, ப்ராசசர்தான்."

குறைத்துவிட்டு நானே ஓட்டினேன். படம் மங்கியது. திக்குவது நிற்கவில்லை.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எல்லாவற்றையும் ஆட்டோவில் ஏற்றி, இவரையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன்.

"நீங்களே ஓட்டுங்க அண்ணாச்சி" என்றேன் கடைக்காரரிடம்.

உட்கார்ந்தார். பஸ் ஸ்டாண்டு வாசலில் படம் நின்றது. நகர்ந்தபோது பஸ் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது.

"உங்களுக்கும் வாதமா அண்ணாச்சி?"

கடையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். "ப்ராசசர் கொஞ்சம் பழசுதான்க்கா…" என்று இழுத்தார்.

"தெரிஞ்சே சொன்னியளா? உங்க பெட்டியில பழுத வச்சுக்கிட்டு என் புருஷன் கையில பழியப் போட்டியளே, நல்லா இருப்பியளா?"

ப்ராசசரையும் அது உட்காரும் போர்டையும் மாற்றித் தந்தார்.

இப்போது படம் திக்குவதில்லை. ஆனாலும் இவர் எங்காவது இடிக்கத்தான் செய்கிறார். "ஏட்டி, இது நானே இடிச்சதுட்டி!" என்று சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கடைக்காரரைக் குற்றாலநாதர் மன்னித்தால் மன்னிக்கட்டும். என்னால் முடியவில்லை.