ஐந்தாவது ஆளுக்குச் செய்த கைம்மாறு

‘ரீபே’ என்னும் ஆங்கில வினைச்சொல்லுக்குத் ‘திருப்பிச் செலுத்து’ என்று மட்டும் பொருள் எழுதி முடித்துவிடுகிறார்கள். வங்கிக் கடனுக்கு அது போதும். ஆனால் ஆங்கிலத்தில் பெற்ற உதவியையும் ரீபே செய்யலாம். பட்ட அவமானத்தையும் ரீபே செய்யலாம். எதைக் கொண்டு செய்தார் என்பதைச் சொல்ல ‘வித்’ என்ற சொல் பின்னால் வரும். உதவிக்கு உதவியே வரவேண்டும் என்ற கட்டாயம் அகராதியில் இல்லை. சிவகாசியில் காலண்டர் பைண்டிங் செய்துகொண்டே நானாகப் படித்த ஆங்கிலம் இது. இச்சொல்லின் பொருள் அனைத்துக்கும் என் அக்காள் வெள்ளைத்தாயின் வாழ்க்கையிலிருந்தே எடுத்துக்காட்டுத் தர முடியும்.

சிவகாசியை அடுத்த எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அக்காள் திரி சொருகினாள். கணவன் விட்டுப்போனவன், பிள்ளை இல்லை. அவள் வாய்க்குப் பயந்து கம்பெனி வேன் டிரைவர் அவள் கேட்ட பாட்டைத்தான் போடுவார்.

வெடிமருந்து அடைக்கும் அறையில் நால்வருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. சென்ற தீபாவளி சீசனில், போர்மேன் ஜெயபாண்டியையும் சேர்த்து நால்வர் இருந்த அறை வெடித்தது. பக்கத்து அறையிலிருந்த அக்காள் மற்றவர்களைப் போல வெளியே ஓடவில்லை. எரிகிற அறைக்குள் புகுந்து ஜெயபாண்டியை இழுத்து வந்து போட்டாள். மற்ற மூவரும் இறந்தார்கள். அக்காளின் விரல்கள் வெந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அன்றிலிருந்து அவளுக்குச் சோறு ஊட்டுவது நான்தான்.

ஆஸ்பத்திரியில் ஜெயபாண்டி அழுதார். “தாயி, என் தோலைச் செருப்பாத் தச்சுப் போட்டாலும் இது தீராது.”

“செருப்புக்கு உங்க தோலு காணாது அண்ணாச்சி. பாதி எரிஞ்சு போச்சு,” என்றாள் அக்காள். இருவரும் சிரித்தார்கள்.

பிறகு விசாரணை வந்தது. வெடிப்பதற்கு முன்பே வெள்ளைத்தாய் ஐந்தாவது ஆளாக அறைக்குள் வந்துவிட்டதாகவும், அவள் மருந்துத் தட்டைத் தரையில் உரச இழுத்ததால்தான் தீப்பிடித்ததாகவும் ஜெயபாண்டி கையெழுத்திட்டுக் கொடுத்தார். அவள் உள்ளே இருந்ததற்கு அவளுடைய வெந்த கைகளே சாட்சியாயின. அப்படி எழுதித் தந்தால் அவருடைய வைத்தியத்தையும் மகள் ரோஷினியின் காலேஜ் படிப்பையும் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்பது பேச்சு. அக்காளுக்கு இழப்பீடு இல்லை என்று ஆணை வந்தது. அதன் நகல் என்னிடம் இருக்கிறது. இறந்தவர்களின் வீட்டுப் பெண்கள் எங்கள் வாசலில் காறித் துப்பினார்கள்.

ஆனால், ஓர் அறையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பார்ப்பது போர்மேனின் பொறுப்பு. ஜெயபாண்டி அதை நினைக்கவில்லை. ஐந்து பேரை இருக்கவிட்டார் என்று அவருடைய கையெழுத்தே சொன்னது. மூன்று சாவுக்கும் அவர்மேல் வழக்குப் பாய்ந்தது. கம்பெனி கைகழுவிவிட்டது.

அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். “தாயி, வெடிச்ச பெறகுதான் உள்ள வந்தேன்னு ஸ்டேஷன்ல சொல்லிரு. நானும் மாத்திச் சொல்லிருதேன். உனக்கும் காசு வரும், நானும் உள்ள போகாம இருப்பேன்.”

“வாசல்ல துப்பிட்டுப் போறாளுகளே, அதையும் மாத்திருவீகளா?”

“ஊரறியச் சொல்லுதேன் தாயி.” அவர் குனிந்து அவள் காலைத் தொட்டார்.

அவர் போன பின் நானும் கெஞ்சினேன். நடந்ததைச் சொன்னாலே போதும். இழப்பீடும் வரும், பழியும் போகும். மேல்முறையீட்டு மனு, மருத்துவச் சான்று, புகைப்படங்கள் எல்லாவற்றையும் கோப்பில் அடுக்கி வைத்திருந்தேன்.

“சரிலே. ஆட்டோவைக் கூப்பிடு,” என்றாள்.

ஸ்டேஷனில் ஜெயபாண்டி கைகூப்பியபடி நின்றிருந்தார்.

“நீங்க எப்பம்மா உள்ள போனீங்க?” என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

“வெடிக்கதுக்கு முன்னாடியே உள்ள இருந்தேன் சார். அண்ணாச்சி எழுதிக் குடுத்தது அம்புட்டும் நெசம். ஆர்டர் முடியலன்னு அவுகதான் என்னைக் கூப்பிட்டாக. நாலு பேரு இருக்காகளேன்னு கேட்டேன். எவன் வந்து பாக்கப்போறான், வாடின்னாக.”

ஜெயபாண்டி சுவரைப் பிடித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டார். கோப்பு என் மடியில் திறக்கப்படாமல் கிடந்தது.

எழுத்தர் தாளை நீட்டினார். அக்காளால் பேனா பிடிக்கவும் முடியாது. விரலில் ரேகையும் இல்லை. சற்று யோசித்துவிட்டு, அவள் உள்ளங்கையில் மையைத் தடவினார்.

“என் கையைப் பிடிச்சு வைலே,” என்றாள் அக்காள்.

பிடித்து வைத்தேன்.

“நல்லா அழுத்து.”