என் சட்டையில் உங்கள் அம்மா வைத்த பொட்டு

பிள்ளைகளே, கம்பு சுற்றப் பழக வேண்டுமென்றால் நீங்கள் மூன்று பேரும் அம்மாவிடம்தான் ஓடுகிறீர்கள். வாரம் தவறாமல் வாத்தியாரிடம் போய்ப் பழகியவன் நான். என்னிடம் ஒருவரும் வருவதில்லை. எனக்குப் பொறாமைதான். அது இன்று வந்ததும் இல்லை.

அப்போது மயிலாப்பூரில் குடியிருந்தோம். பெரியவளுக்கு ஆறு வயது. மற்ற இருவரும் பிறக்கவில்லை. நான் அச்சாபீசில் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தேன். ஞாயிறு காலையில் திருவல்லிக்கேணிக்கு நடந்து போய், ஒரு தையற்கார சாயபுவிடம் சிலம்பம் பழகுவேன். நன்றாகத் தேறி, பெரியவளுக்கு நானே சொல்லித்தர வேண்டும் என்பதுதான் என் ஆசையெல்லாம்.

சாயபு கம்பு நுனியில் துணி சுற்றி, காவிக் கரைசலில் தோய்த்துவிடுவார். எதிராளி உடம்பில் பொட்டு வைத்தவன் ஜெயித்தவன். நான் சட்டை நிறையப் பொட்டோடு திரும்புவேன். வீட்டில் பழக ஆள் வேண்டுமே என்று உங்கள் அம்மாவைக் கொல்லையில் எதிரே நிறுத்தினேன். துணிக்கொடியைத் தூக்கும் கம்பின் நுனியிலும் அதேபோல் காவித் துணி சுற்றிக் கையில் கொடுத்து, அடியும் தடுப்பும் காலடி வரிசையும் நானே சொல்லிக் கொடுத்தேன். சும்மா பிடித்துக்கொண்டு நின்றால் போதும் என்றுதான் நினைத்தேன்.

ஒரு மாதம் ஆகவில்லை. ஒரு சாயங்காலம் என் மார்பில் வரிசையாக மூன்று பொட்டு. அவள் புடவையில் ஒரு துளி இல்லை.

"நீங்க கம்பையே பாத்துக்கினு கீறீங்க. என் காலப் பாருங்க," என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. உலை கொதிக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள். அதுதான் சுட்டது.

பக்கத்து வீட்டு மீன்கார அம்மாள் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "இன்னா நைனா, நெத்தில வெக்கறத வுட்டுட்டு ஒன் மார்ல வெச்சிட்டா போல கீது."

அம்மா சிரித்துவிட்டாள். நான் கம்பைப் பிடுங்கிப் பரண்மேல் எறிந்தேன். "பழகினது போதும். உள்ள போய் அடுப்பப் பாரு," என்றேன். அவள் உள்ளே போனாள். அதற்குப் பிறகு தனியாகவே பழகினேன். சாயபுவிடம் வாங்கும் பொட்டு ஒன்றும் குறையவில்லை.

ஒரு சனிக்கிழமை ஆபீசை மத்தியானமே மூடிவிட்டார்கள். நான் வந்தபோது வீட்டில் யாருமில்லை. தாயும் மகளும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். கொல்லை மணலில் கால் தடங்கள் பதிந்திருந்தன. முன்னே ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, சுழன்று பின்னே ஒன்று. நான் சொல்லிக் கொடுத்த அதே வரிசைதான். ஆனால் என் கால் ஒருநாளும் அவ்வளவு சுத்தமாக விழுந்ததில்லை. ஒவ்வொரு பெரிய தடத்துக்குள்ளும் ஒரு சின்னத் தடம் இருந்தது. பெரியவளே, அது உன் கால்.

நான் செய்ய நினைத்ததை அவள் செய்துவிட்டாள். அதுவும் எனக்குத் தெரியாமல். அத்தனையையும் கூட்டித் தள்ளிவிடத் துடைப்பத்தை எடுத்தேன். கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு அதைச் சுவரில் சாய்த்துவிட்டு, கொல்லைக் கதவைத் தாழிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முதல் தடத்தில் என் வலது காலை வைத்தேன்.