பெர்மோ போகும் வழியில் ஒரு பதில்

வேல்ஸ் நாட்டு மலைக் கிராமமான கரெக்வென்னில் மூன்று எம்லின்கள் உண்டு. ஒருவன் ஆடு வளர்ப்பவன், ஆட்டு எம்லின். இன்னொருவர் சேப்பலில் ஆர்கன் வாசிப்பவர், ஆர்கன் எம்லின். மூன்றாமவன் தபால் எம்லின். நம்ம ஆள் இவன்தான்.

வயது ஐம்பத்தாறு. அந்த மலைச்சரிவில் முப்பத்தோரு வருஷமாக வீடு வீடாகக் கடிதம் கொடுத்தவன். எந்த வீட்டுக் கதவு மழையில் ஊதிக்கொள்ளும், எந்தக் கிழவருக்குக் காது கேட்காது, எந்த நாய் குரைக்கும், எது குரைக்காமலே கடிக்கும், எல்லாம் அத்துப்படி. கல்யாணம் மட்டும் ஆகவில்லை. ஏன் என்று கேட்டால் பெரிய சோகக் கதை ஒன்றும் கிடையாது. இவன் யாரையும் கேட்கவில்லை, அவ்வளவுதான். இருபத்தெட்டு வயதில் ஒருத்தியைக் கேட்கலாம் என்று நினைத்தான். சரி, பனி விடட்டும் என்று காத்திருந்தான். பனி விட்டது. அதற்குள் அவள் பங்கோரில் ஒரு பல் டாக்டரைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள்.

பெவர்லி வந்து சேர்ந்தது நாய்க்கடியால். தெற்கே நிலக்கரிப் பள்ளத்தாக்கிலிருந்து கரெக்வென் முதியோர் இல்லத்துக்குச் சமையல்காரியாக வந்தவள் அவள். வந்த இரண்டாம் நாளே அவளுடைய நாய் எம்லினின் கெண்டைக்காலைக் கவ்வியது. அவள் கத்திக்கொண்டே ஓடி வந்து, அவனைச் சமையலறைக்குள் இழுத்துப் போய், காயத்தைக் கழுவிக் கட்டுப் போட்டு, டீயும் வெண்ணெய் தடவிய பழரொட்டியும் கொடுத்தாள். "நாய் மேல கேஸ் கீஸ் போட்டுடாத கண்ணு, அது ஊருக்குப் புதுசு" என்றாள். மறுநாளும் எம்லின் போனான், அந்த இல்லத்துக்குக் கடிதமே இல்லாத நாளில்.

மூன்று வருஷமாயிற்று. சனிக்கிழமை அவள் வீட்டில் சாப்பாடு, ஞாயிற்றுக்கிழமை நடை. இருவரும் பேசிக்கொள்வது இங்கிலீஷில். தெற்கே அவள் ஊரில் வேல்ஷ் பாஷை பாட்டுகளில்தான் மிச்சம், பேச்சில் இல்லை. எம்லினுக்கோ வேல்ஷ்தான் தாய்மொழி, இங்கிலீஷ் வேலைக்கு மட்டும். பார்சல் வந்திருக்கு, இங்க கையெழுத்துப் போடுங்க, இவ்வளவுக்கு நன்றாக ஓடும். மனசில் உள்ளதைச் சொல்லப்போனால் நொண்டும். அதனால்தானோ என்னவோ, போன செப்டம்பரிலிருந்து செவ்வாய்க்கிழமை தோறும் பெவர்லி வேல்ஷ் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். எது வரை வந்திருக்கிறது என்று அவன் கேட்டால், "உனக்கெதுக்கு, பரிட்சையா வைக்கப் போற?" என்று நோட்டை மூடிவிடுவாள்.

அவளுக்கு மே மாதக் கடைசியில் மூன்று நாள் லீவு கிடைத்தது. எம்லின் கடற்கரை ஊரான பெர்மோவில் கடலைப் பார்த்த ஒரு அறையைப் பதிவு செய்தான். மூன்றாம் நாள் சாயங்காலம், கடற்கரைச் சுவரில் உட்கார்ந்து சிப்ஸ் தின்னும்போது கேட்டுவிடுவது என்று திட்டம். கட்டிக்கிறியா? ஒரே கேள்வி. கடைக்கார மைவன்வியிடம் மட்டும் ரகசியமாகச் சொல்லி வைத்தான். மைவன்வியிடம் ரகசியம் சொல்வதும் மலையுச்சியில் ஏறி நின்று கூவுவதும் ஒன்றுதான் என்று முப்பத்தோரு வருஷ அனுபவசாலிக்குத் தெரியாமல் போனது ஆச்சரியம்.

கிளம்பிய நாளில் மழை என்றால் அப்படியொரு மழை. போர்ட் என்ற ஊர் வரை பஸ், அங்கிருந்து ரயில். பஸ்ஸில் இவர்கள் இரண்டு பேரைத் தவிர ஆள் இல்லை. கண்ணாடியெல்லாம் ஆவி பிடித்திருந்தது. இறக்கத்தில் ஒரு வளைவில் பஸ் சட்டென்று நின்றது. ரோட்டை அடைத்துக்கொண்டு முப்பது நாற்பது ஆடுகள்.

டிரைவர் இஞ்சினை நிறுத்திவிட்டு மழையில் இறங்கினார். "போங்கடி, போங்கடி! உங்கப்பன் போட்ட ரோடா இது?"

பெவர்லி சிரித்தாள். சிரித்துவிட்டு, நனைந்திருந்த அவன் காலரைத் தன் கைக்குட்டையால் ஒற்றினாள். ரொம்பச் சாதாரணமாக, பாத்திரம் துடைப்பது மாதிரிதான் ஒற்றினாள். மூன்றாம் நாளாவது, கடற்கரைச் சுவராவது! எம்லின் வாயிலிருந்து வார்த்தை அதுவாகவே வந்து விழுந்தது, வேல்ஷில்.

"என்னைக் கட்டிக்கிறியா?"

அவள் கை காலரிலேயே நின்றது. முகமெல்லாம் சிவந்து, அவனை நேராகப் பார்த்து, கணீரென்று வேல்ஷிலேயே பதில் சொன்னாள்.

"டோ."

வேல்ஷில் 'ஆமா' என்று ஒரு தனிச் சொல் கிடையாது. நம்மைப் போலத்தான், வருவியா என்றால் வருவேன், கொடுப்பியா என்றால் கொடுப்பேன் என்று வினையைத் திருப்பிச் சொல்லவேண்டும். நடந்து முடிந்ததைக் கேட்டால் மட்டும், சாப்பிட்டியா, போனியா, பார்த்தியா, எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: டோ. ஆச்சு என்று அர்த்தம்.

கட்டிக்கிறியா? ஆச்சு.

எம்லின் விறைத்துப்போனான். அவளுக்கு ஏற்கனவே ஒரு கல்யாணம் ஆனதுதான். தெற்கே டெரி என்று ஒருத்தனோடு பதினாலு வருஷம் குடித்தனம் பண்ணி, ஒரு நாள் பெட்டியும் நாயுமாக வெளியே வந்தவள். யாராவது மறுகல்யாணப் பேச்செடுத்தால், "அதெல்லாம் ஒரு தடவ ஆச்சும்மா, போதும்" என்று சிரித்து மழுப்புவாள். இவன் காதாலேயே கேட்டிருக்கிறான். இப்போது அதையே அவன் பாஷையில் அழகாக, நறுக்கென்று, மனசு நோகாதபடி சொல்லிவிட்டாள். அப்படித்தான் அவன் புரிந்துகொண்டான். அட மடையா, புதுசாகப் படிக்கிறவள் வாய் குழறியிருக்கலாமே என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கக் கூடாதா? யோசிக்கவில்லை. ஐம்பத்தாறு வயது வரை 'இல்லை'யை எதிர்பார்த்தே வாழ்ந்தவனுக்கு 'இல்லை'தானே காதில் விழும்.

டிரைவர் சொட்டச் சொட்ட ஏறி வந்தார். "ஆட்டு எம்லினோட ஆடுங்கதான். அவனை மாதிரியே நகரமாட்டேங்குதுங்க." பஸ் கிளம்பியது. எம்லின் ஜன்னல் பக்கம் திரும்பி, எதுவுமே தெரியாத கண்ணாடியை உற்றுப் பார்க்க ஆரம்பித்தான்.

போர்ட் ஸ்டேஷனில் ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள். ரயில் வந்தது, ஏறினார்கள். பெவர்லி முட்டை சாண்ட்விச்சை எடுத்து நீட்டினாள்.

"பசிக்கல."

"காலையிலயும் நீ ஒண்ணும் சாப்பிடல."

"பசிக்கலன்னு சொன்னேனே."

டிக்கெட் பார்க்க வந்த கார்டு எம்லினுக்குத் தெரிந்தவர். "என்ன தபால்காரரே, கடல் பாக்கவா? இந்தப் பக்க ஜன்னல்லயும் தண்ணி, அந்தப் பக்க ஜன்னல்லயும் தண்ணி. இங்கயே பாத்துட்டுத் திரும்பிடலாம், செலவு மிச்சம்." யாரும் சிரிக்கவில்லை. கார்டு இருவர் முகத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, டிக்கெட்டில் ஓட்டை போட்டுவிட்டு நழுவினார்.

பெவர்லி சாண்ட்விச்சைப் பிய்த்தாளே தவிர தின்னவில்லை. "எம், உடம்புக்கு முடியலையா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"நான் ஏதாச்சும் தப்பாச் சொல்லிட்டேனா?"

"இல்ல, இல்ல. நீ சொன்னது சரிதான். தெளிவாத்தான் சொன்ன." சொல்லும்போது அவன் குரல் கம்மியது. அவள் கண்ணிலும் ஏதோ அணைந்தது, அவன்தான் பார்க்கவில்லை. பிய்த்த சாண்ட்விச்சைக் காகிதத்தில் சுற்றிப் பைக்குள் வைத்துவிட்டு, பெர்மோ வரும் வரை அவளும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விடுதி நடத்துகிறவள் திலிஸ் என்ற பெண்மணி. வாசலிலேயே நின்றிருந்தாள். "உள்ள வாங்க, உள்ள வாங்க. அடக்கடவுளே, நீந்தியா வந்தீங்க?" கோட்டுகளை வாங்கி மாட்டினாள். பெவர்லி குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். எம்லின் மேசைக்கு நெருக்கமாகப் போய், வேல்ஷில் தாழ்ந்த குரலில் சொன்னான்.

"ஒரு சின்ன மாத்தம், அம்மா. ஒரு ரூம் வேண்டாம். ரெண்டு தனி ரூம் இருக்குமா? கடல் தெரியுற ரூம அவங்களுக்குக் குடுங்க. எனக்குப் பின்பக்கம் எதுவா இருந்தாலும் பரவாயில்ல."

நாகரிகமாக நடந்துகொள்வதாக அவனுக்கு நினைப்பு. மறுத்துவிட்ட பெண்ணை ஒரே அறையில் சங்கடப்படுத்தக்கூடாது அல்லவா? ஆனால் ஒன்று, இரண்டு என்ற எண்களும் அறை என்ற சொல்லும் பெவர்லியின் வேல்ஷ் வகுப்பில் முதல் மாதப் பாடம்.

"ரெண்டு ரூமா?" பெவர்லி ஒரு கால் ஷூவோடு நிமிர்ந்தாள். "யாருக்குடா ரெண்டு ரூம்?"

"பெவ், நான் உனக்குத் தொந்தரவா..."

"தொந்தரவா! என்ன விளையாடுறியா? காலையில கட்டிக்கிறியான்னு கேக்குற. நானும் பதில் சொல்றேன். அடுத்த நிமிஷத்துலேர்ந்து எழவு வீட்டுக்கு வந்தவன் மாதிரி உக்காந்திருக்க. இப்ப ரெண்டு ரூம். கேட்டது தப்புன்னு தோணிடுச்சுன்னா ஆம்பளையா வாயத் திறந்து சொல்லு! நான் இப்பவே திரும்புற ரயிலப் பிடிக்கிறேன்."

"நான் எங்க தப்புன்னேன்? நீதானே ஏற்கனவே ஆச்சுன்னு சொன்ன!"

"எப்ப சொன்னேன்?"

"பஸ்ல. டோன்னு சொன்னியே."

"ஆமா, டோன்னேன்! டோன்னா ஆமாதானேடா!"

திலிஸ் கையிலிருந்த பேனாவை மெதுவாகக் கீழே வைத்தாள். "அம்மாடி," என்றாள், "ஆமாதான். ஆனா முடிஞ்சுபோனதுக்குச் சொல்ற ஆமா. கட்டிக்கிறியான்னு கேட்டா அத சொல்லக் கூடாது. டோன்னா, அதெல்லாம் எனக்கு ஒரு தடவ ஆச்சுன்னு..."

பெவர்லிக்குப் புரிந்தது. கோபமெல்லாம் வடிந்து, முகம் வெளுத்து, பக்கத்திலிருந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"பாடப் புத்தகத்துல பாத்தேன்," என்றாள் யாரையும் பார்க்காமல். "நான், நீ, அவன், அவ, எல்லாத்துக்கும் ஒரே வார்த்தைன்னு போட்டிருந்துச்சு. இங்கிலீஷ்ல கல்யாணத்துல பாதிரியார் கேட்டா 'ஐ டூ'ன்னு சொல்வோமே, அந்த டூவும் இதே எழுத்துதான். அப்ப இதுவாத்தான் இருக்கும்னு நினைச்சேன். ரெண்டு வாரமா கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பாத்தேன் எம். நாய் கூட என்னை ஒரு மாதிரி பாத்துச்சு."

"ரெண்டு வாரமாவா? நான் கேப்பேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"மைவன்விகிட்ட சொல்லியிருக்கியே! முதியோர் இல்லத்துல தொண்ணூத்தாறு வயசு கிழவிக்குக் கூடத் தெரியும். எனக்கு வாழ்த்துச் சொல்லி முத்தமே குடுத்தா."

எம்லினுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. இரண்டும் நெஞ்சுக்குள்ளேயே முட்டிக்கொண்டு நின்றன. மூன்றரை மணி நேரம்! அவளை அழ வைக்காத குறையாக உட்கார்த்தி வைத்திருந்தோமே என்று வெட்கம் பிடுங்கித் தின்றது. அவள் நாற்காலிக்கு முன்னால் போய்க் குந்தினான். முழங்கால் மளுக்கென்றது.

"ஏன் பெவ் இவ்வளவு பாடு? நீ இங்கிலீஷ்லயே சொல்லியிருக்கலாமே. எனக்குப் புரிஞ்சிருக்குமே."

அவள் ஷூ நாடாவை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

"இங்கிலீஷ்ல அத டெரிகிட்ட சொல்லிட்டேன்," என்றாள். "அவனுக்குச் சொன்ன வார்த்தையவே உனக்கும் குடுக்க மனசு வரல."

திலிஸ் சத்தம் போடாமல் சமையலறைப் பக்கம் போய்விட்டாள். எம்லின் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். பிறகு சரியான சொல்லை மெதுவாகச் சொல்லிக்கொடுத்தான்: க்னாவ். செய்வேன் என்று அர்த்தம். அவள் ஒரு தடவை சொன்னாள், தப்பாக வந்தது. இன்னொரு தடவை சொன்னாள், சரியாக வந்தது.

"இப்ப கேளு," என்றாள்.

கேட்டான்.