தீ நகராது, தீவு நகரும்

அச்சகத்தில் பிழை திருத்துகிற அவள் எல்லோருக்கும் ஒற்றக்கா. பாடப்புத்தகத்தில் ‘க்’கோ ‘ப்’போ ஓர் ஒற்று விட்டுப்போனால் போதும், அவளுக்கு மூக்கில் வேர்த்துவிடும். சிவப்புப் பேனாவால் ஒரு சுழி போட்டுவிட்டு, தட்டச்சுக்காரியைக் கூப்பிட்டு நன்றாக டோஸ் விடுவாள். கல்யாணப் பத்திரிகையைக் கையில் கொடுத்தால்கூடப் பிழை திருத்திவிட்டுத்தான் வாழ்த்துவாள். புருஷன் பிரிந்துபோகும்போது எழுதிவைத்த நாலு வரியையும் அவள் திருத்தினாள் என்று ஒரு பேச்சு உண்டு. அதை அவள் மறுத்ததில்லை.

அவள் பார்த்து அனுப்பிய புத்தகத்தில் யாரும் குறை கண்டதில்லை. அந்தத் திமிர் அவளுக்கு உண்டு. இருக்கட்டுமே, கண்ணைக் கெடுத்துக்கொண்டு சம்பாதித்த திமிர்தானே.

அந்த வருஷம் புவியியல் புத்தகம் வந்தது. கடலில் தீவுகள் வரிசையாக எப்படி உண்டாகின்றன என்று அதில் ஒரு பாடம். கடலடித் தரைக்குக் கீழே ஓரிடத்தில் நெருப்பு கொதித்துக்கொண்டே இருக்கிறது. அது தரையைப் பொத்துக்கொண்டு குழம்பைக் கக்க, குழம்பு உறைந்து உயர்ந்து தீவாகிறது. தரையோ மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டே இருப்பது. பிறந்த தீவையும் சுமந்துகொண்டு போய்விடுகிறது. காலியான இடத்தில் அடுத்த தீவு எழும்புகிறது. தள்ளிப்போனவை அடுப்பு அணைந்து, தேய்ந்து, கடைசியில் தண்ணீருக்குள் இறங்குகின்றன. பிள்ளைகள் மனத்தில் நிற்கட்டுமென்று ஆசிரியர் கட்டம் கட்டி எழுதியிருந்தார்: ‘தீ நகராது, தீவு நகரும்.’

ஒற்றக்கா பாடத்தைப் படித்தாளா? அவள் எழுத்தைப் படிப்பவள், பாடத்தை அல்ல. கட்டத்துக்கு வந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. நகர்வதற்குத் தீவென்ன தோணியா? தீயல்லவா பரவும்? ‘வு’ இடம் மாறி விழுந்திருக்கிறது என்று முடிவுகட்டி, அந்த ஓர் எழுத்தைச் சுழித்து, அம்பு போட்டு, முன்னால் கொண்டுவந்து வைத்தாள். ‘தீவு நகராது, தீ நகரும்’ என்றே அச்சேறியது.

புத்தகம் பள்ளிகளுக்குப் போன சூட்டோடு ஆசிரியர் தலைதெறிக்க ஓடிவந்தார். அவர் எழுதிக் கொடுத்த தாளில் சரியாகவே இருந்தது. திருத்திய தாள்களைப் பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டாயிற்று. ஆக, தவறு தட்டச்சுக்காரியுடையது என்று முதலாளி தீர்ப்புச் சொல்லிவிட்டார். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியாகக் காலம் தள்ளுகிறவள் அவள். நாளை முதல் வரவேண்டாம் என்றாகிவிட்டது.

அன்றுதான் ஒற்றக்கா பாடத்தை முதல் வரியிலிருந்து படித்தாள். நேராக முதலாளி அறைக்குப் போனாள்.

“நான்தான் சார் மாத்துனேன். அந்தப் பொண்ணு மேல தப்பில்ல.”

முதலாளி சிரித்தார். “நீங்களா? சூரியன் மேற்குல உதிச்சுதுன்னாகூட நம்புவேன், இத நம்பமாட்டேன். அவமேல பரிதாபப்பட்டுப் பழிய நீங்க ஏத்துக்கறீங்க. பெரிய மனசும்மா உங்களுக்கு.”

“சார், சத்தியமா...”

“போய் வேலையப் பாருங்க. அடுத்த புத்தகம் காத்துக்கெடக்கு.”

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். சேர்த்துவைத்த நல்ல பெயர் ஆபத்துக்கு உதவும் என்பார்கள். அது அடுத்தவள் கழுத்தை அறுக்கும் என்று யாரும் சொல்வதில்லை. ஒற்றக்கா அழுதாள், கத்தினாள். இரக்கக்காரி என்ற பெயரும் கூடச் சேர்ந்தது, அவ்வளவுதான்.

வாசலில் தட்டச்சுக்காரி செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

“நான் சொல்லிட்டேன்மா. அவர் நம்பமாட்டேங்கறார்.”

“தெரியும்க்கா. சத்தம் வெளிய வரைக்கும் கேட்டுது.” அவள் குரலில் கோபம்கூட இல்லை. “உங்க திருத்தத்த அடிக்கும்போதே எனக்கு இடிச்சுது. தரைதான் நகருதுன்னு மேல நானே அடிச்சிருந்தேனே. உங்ககிட்டக் கேக்கலாம்னு எந்திரிச்சேன்.”

“கேட்டிருக்கலாமே!”

“அன்னைக்குக் காலையிலதான் ஒரு புள்ளிக்காக எல்லார் முன்னாலயும் உங்ககிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன். மறுபடியும் உக்காந்துட்டேன்க்கா.”