அணைத்துவிட்ட கருவி

செயற்கைக்கோள் மேலே போன சில நாட்களிலேயே எங்கள் கருவிக்கு மின்சாரம் தரும் பகுதி பழுதாகிவிட்டது. செயற்கைக்கோளையாவது காப்பாற்ற வேண்டும் என்று கருவியை அணைத்துவிட்டார்கள். விண்வெளியிலிருந்து வரும் எக்ஸ் கதிர்கள் காற்றைத் தாண்டித் தரைக்கு வராது. மேலே போனால்தான் பிடிக்கலாம். அதற்காகவே வருஷக்கணக்கில் அந்தக் கருவியைச் செய்தோம்.

ஆய்வுக்கூடத்தில் உட்கார முடியவில்லை. லீவு போட்டுவிட்டு எங்கள் ஊரான பாகூருக்கு வந்தேன். கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்தது. அதை விட்டுவிட்டு அப்பா பஸ் நிற்கும் இடத்தில் காத்திருந்தார்.

"பேப்பர்ல போட்டிருந்தான். நல்லா சுத்துதாமே?"

"சுத்துது. எங்க பொட்டிதான் வேலை செய்யலப்பா."

"சுத்துது இல்ல? அப்புறம் இன்னா?"

மறுநாள் உயர்நிலைப் பள்ளியில் நான் பேசுவதாக ஏற்பாடே செய்துவிட்டிருந்தார்.

பள்ளிக்கு ஊராரும் வந்திருந்தார்கள். நடந்ததை நடந்தபடியே சொன்னேன். கருவி அணைந்துவிட்டது என்றதும் தலைமையாசிரியர் எழுந்து மைக்கை வாங்கிக்கொண்டார். "நம்ம ஊர்ப் பொண்ணு செஞ்ச டெலஸ்கோப் இப்ப நட்சத்திரத்த ஆராய்ச்சி பண்ணுது" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அப்பாவும் தட்டினார்.

எங்கள் வயலில் கரும்பு வெட்ட வரும் அம்மா ஒருவர் பின்னாலிருந்து கேட்டார்: "எக்ஸ்ரேன்னா நெஞ்சுல எடுக்கறதுதானே? எங்க வூட்டுக்காரருக்கு இருமல் நிக்கல. ஒங்க மிஷின்ல பாக்க முடியுமா?"

"இது அந்த மிஷின் இல்லம்மா. இதுவும் ஓடல."

சிரித்தார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் கத்தினேன். "நான் சொன்னத ஒருத்தரும் காதுல வாங்கல. நீயும் கை தட்டற."

அப்பா சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "ஓடலன்னு சொன்னா, பொட்டப்புள்ளைய எதுக்கு அவ்ளோ தூரம் படிக்க வெச்சன்னு என்னைத்தான்டி கேப்பானுங்க."

எனக்குக் கோபம் தணியவில்லை. ஆனாலும் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் சாப்பிட்டோம்.

ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பிப் போய், அணைப்பதற்கு முன் கருவி அனுப்பியிருந்த கொஞ்ச நாள் பதிவுகளை மாதக்கணக்கில் அலசினேன். வானத்தில் ஓரிடத்தில் ஏதோ தெரிவதுபோல் இருந்தது. கருவியில் தானாகவே எழும் இரைச்சலிலிருந்து அதைப் பிரித்துக் காட்ட முடியவில்லை.

சில வருஷம் கழித்து, வெளிநாட்டுத் தொலைநோக்கி ஒன்று எடுத்த எக்ஸ் கதிர்ப் படங்கள் நூலகத்துக்கு வந்த பத்திரிகையில் இருந்தன. வானத்தில் நாங்கள் தேடிய அதே பகுதி, அவ்வளவு தெளிவாக. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் "அருமையா இருக்கு இல்ல?" என்றார். ஆமாம் என்றேன். அடுத்த செயற்கைக்கோளில் எங்கள் கருவிக்கு இடம் உண்டா என்று அன்றுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை.