அரிசி மில்லுக்கு அடுத்த வீடு

அடுத்தவர் காதில் விழும் சத்தத்தைக் கேட்டு எழுதிக்கொள்வதற்கும் ஒரு உத்தியோகம் உண்டு, அதற்கும் மாதச் சம்பளம் உண்டு என்பது, கல்லூரியில் செய்யுள் படித்துக்கொண்டிருந்த காலத்தில் எனக்குத் தெரியாது. மாவு மிஷினுக்கும் தகரப் பட்டறைக்கும் பக்கத்தில் குடியிருந்து, பாதிப் பேச்சைச் சைகையிலேயே முடித்துக்கொள்ளும் வாசகர்களே, உங்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. நீங்கள் எல்லாரும் எனக்கு உறவு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசியில் சேலம் ஜில்லாவில் ஒரு சின்ன நகரசபை எனக்கு வேலை கொடுத்தது. எஞ்சின் வைத்துத் தொழில் நடத்துகிறவர் வருஷா வருஷம் லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும். சத்தம், அதிர்வு, புகை, தூசி பற்றி அக்கம்பக்கத்தாரைக் கேட்ட பிறகுதான் அதைக் கொடுக்கலாம் என்பது விதி. ஆண்களைக் கேட்டால் ஒன்றும் தொந்தரவில்லை என்பார்கள். மில்காரர் அவர்களுக்கெல்லாம் வேண்டியவர். நாள் முழுக்க அந்தச் சத்தத்தோடு கிடக்கும் பெண்களோ, ஆண் இன்ஸ்பெக்டர் முன்னால் வரமாட்டார்கள். அவர்களைக் கேட்டு வரத்தான் நான்.

சொம்புத் தண்ணீர்

முதலில் போனது நெசவாளர் தெருவுக்கு. நல்லம்மாள் என்பவளின் வீட்டுக்கும் அரிசி மில்லுக்கும் நடுவில் ஒரே சுவர். புருஷனும் மூத்த மகனும் தறிக்குழியில் இருந்தார்கள். மகள் தெய்வானை ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். அதிர்வைக் கண்டுபிடிக்க எங்கள் ஆபீசில் ஒரு வழி வைத்திருந்தார்கள். சொம்பு நிறையத் தண்ணீர் வைத்துவிட்டு அதன் முகத்தைப் பார்க்க வேண்டும். வைத்தேன். தண்ணீர் சுருங்கிச் சுருங்கி விரிந்தது. அடுக்குப் பானைகள் ஒன்றோடொன்று உரசி முனகின. அந்த எண்ணெய் எஞ்சினுக்கு ஒரு குணம் உண்டு; சீர் தப்பிய செய்யுளைப் போல நடுவில் ஓர் அடியை விழுங்கிவிடும். அடுத்த விழுங்கல் எப்போது, எப்போது என்று காது காத்துக் கிடக்கும். என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. எழுந்து வாசலுக்குப் போனேன், திரும்பி வந்தேன், மறுபடியும் போனேன்.

மறுநாள் இன்ஸ்பெக்டரையே அழைத்து வந்தேன். எஞ்சின் ஓடவில்லை, பெல்ட் அறுந்துவிட்டதாம். சொம்பில் தண்ணீர் கண்ணாடியாகக் கிடந்தது. அவர் சொம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர் போன பிறகு நல்லம்மாள்தான் எனக்கு ஆறுதல் சொன்னாள், சுவரை அதட்டும் குரலில்: "ஐயா வந்தா அது சாதுப் பசுவாட்டம் நிக்குமுங்க அம்மிணி. அவரு தெருமொனையத் தாண்டட்டும், அப்பறம் பாருங்க அது முட்டறத."

அமாவாசையில் வந்தவர்கள்

சுவரில் கீறல், தூக்கமில்லை, தறியில் பூட்டிய பாவு நூலில் உமித் தூசி படிகிறது என்றெல்லாம் மற்றவர்கள் சொன்னார்கள். நல்லம்மாள் சொன்ன புகார் விதியில் எந்தத் தலைப்பிலும் அடங்கவில்லை. மில்லால் தன் மகளுக்குக் கல்யாணம் ஆகமாட்டேன் என்கிறது என்றாள்.

நடந்தது இதுதான். எடப்பாடியிலிருந்து ஒரு நல்ல குடும்பம் பெண் பார்க்க வருவதாக இருந்தது. இவர்கள் யோசித்து அமாவாசையன்று வரச்சொன்னார்கள். அன்றைக்குத் தறிக்கும் விடுமுறை, மில்லுக்கும் விடுமுறை. தெருவே ஓய்ந்து கிடந்தது. ஆனால் எஞ்சினுக்கு மேல் பேசிப் பழகிய தொண்டைகளுக்கு யார் விடுமுறை சொல்வது? நல்லம்மாள் விருந்தாளியைப் பார்த்து, காப்பி எடுத்துக்குங்க என்று குரல் கொடுத்தாள். மாப்பிள்ளையின் தம்ளர் கையிலேயே தளும்பியது. அவள் புருஷன் அவளை மெதுவாகப் பேசச் சொன்னார். அதையும் தெருமுனைக்குக் கேட்கும்படிதான் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரிகள் வந்து சமாதானம் செய்ததில் விஷயம் இன்னும் கெட்டது. நல்லம்மாளுக்கு அந்த மாப்பிள்ளையின் அம்மா சொல்லிவிட்டுப் போனது மனப்பாடம். எனக்கு நடித்தே காட்டினாள்: "பொண்ணு லட்சணமா இருக்குதுங்க. ஆனா ஊட்டுக்குள்ளயே இப்பிடிக் கூப்பாடு போட்டா, எம்பையன் தறியை உட்டுப்போட்டுக் காதப் பொத்திக்கோணுமுங்க."

அதற்குப் பிறகு இரண்டு இடம் பேச்சளவிலேயே நின்றுபோனது. சண்டைக்காரி வீடு என்று சொல் பரவிவிட்டது. அம்மா இதைச் சொல்லும்போது தெய்வானை ராட்டையை வேகமாகச் சுற்றினாள்.

மில்காரர் குடியிருந்த இடம்

மில்காரரையும் பார்க்க வேண்டியது என் கடமை. ஊரின் மறுகோடியில், வேப்பமரங்களுக்கு நடுவில் அவருடைய வீடு. நான் போனபோது கிணற்றில் வாளி இறங்கும் சத்தம் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. மரியாதையான மனிதர். நாற்காலியைத் தானே துடைத்துப் போட்டார். எஞ்சின் வைத்த பிறகுதான் ஊர்ப் பெண்கள் உலக்கையைக் கீழே வைத்தார்கள் என்று சொன்னார். அதுவும் பொய் இல்லை. மில்லுக்குப் பின்னாலேயே அவருக்கு விசாலமான இடம் இருக்கிறதே, ஏன் அங்கே குடியிருக்கவில்லை என்று கேட்டேன். கேள்வியில் உள்ளர்த்தம் இருப்பதாகவே அவருக்குத் தோன்றவில்லை. உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "எஞ்சம்சாரத்துக்கு ஒத்தத் தலவலிங்கம்மா. அந்தச் சத்தத்துல ஒரு நாழி இருக்கமாட்டாளுங்க."

மெதுவாகப் பேசச் சொன்ன சேர்மன்

ஆட்சேபணையை நேரில் கேட்கும் நாள் வந்தது. நெசவாளர் தெருவிலிருந்து ஒரே ஒருத்திதான் வந்தாள். கவுன்சிலர்கள் விசிறிக்கொண்டிருந்தார்கள். கல்யாணத்துக்கும் லைசென்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருவர் கேட்டுச் சிரித்தார். நல்லம்மாள் பதில் சொல்ல ஆரம்பித்தாள். சுவர்க் கடிகாரத்தின் கண்ணாடி அதிர்ந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். எனக்கு அப்படித்தான் தோன்றியது. வெளியே வண்டிக்காரர்கள் ஜன்னலண்டை கூடிவிட்டார்கள். சேர்மன் மேஜையைத் தட்டி, இது நகரசபை, சந்தையல்ல, மெதுவாகப் பேசத் தெரியாதா என்று கேட்டார்.

அவள் முயன்று பார்த்தாள். கழுத்து நரம்பு புடைத்ததே தவிர குரல் இறங்கவில்லை. நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் மூச்சை இழுத்து, பழைய குரலிலேயே சொன்னாள்: "இது எம்பேச்சு இல்லீங்க சாமி. மில்லுதானுங்க எந்தொண்டையில உக்காந்துட்டுப் பேசுது."

சிரித்தவர் விசிறியை நிறுத்தினார். மேட்டூர்க் கரண்டு வந்ததும் எண்ணெய் எஞ்சினை எடுத்துவிட்டு மோட்டார் வைக்க வேண்டும், அதுவரை மத்தியானத்துக்கு மேல் எஞ்சின் ஓடக்கூடாது என்று உத்தரவானது.

குமாரபாளையத்து மாப்பிள்ளை

உத்தரவு வந்ததும் நல்லம்மாள் அடுத்த வரனை மத்தியானத்துக்கு மேல் வரச்சொன்னாள். குமாரபாளையத்துக்காரர்கள். இதுவும் தட்டிப்போனால் பிறகு யாரும் படியேறமாட்டார்கள் என்பது அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். என்னையும் வந்து உட்காரச் சொன்னாள். நகரசபைக்காரி வீட்டில் இருந்தால் மில்காரர் எஞ்சினைத் தொடமாட்டார் என்று கணக்கு. தான் வாயே திறப்பதில்லை என்று முடிவு செய்திருந்தாள். கேட்டதற்கெல்லாம் தலையாட்டினாள்; காப்பியைக் கண்ணாலேயே உபசரித்தாள். நான்கு வார்த்தை பேசாத சம்பந்தியம்மாளை மாப்பிள்ளையின் அப்பா சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்தார். பெண்ணைக் கொடுக்க அம்மாவுக்கு இஷ்டமில்லையோ என்று என்னிடமே கேட்டுவிட்டார். நல்லம்மாளின் உதடு துடித்தது. வாய் திறந்தாலும் கெட்டது, திறக்காவிட்டாலும் கெட்டது.

அந்த நேரம் பார்த்துச் சுவருக்கு அப்பால் எஞ்சின் உயிர்பெற்றது. அறுப்புக் காலம், நெல் மலையாகக் குவிந்திருந்தது. மில்லில் எவனோ உத்தரவை மறந்துவிட்டான், அல்லது நினைவிருந்தே மறந்தான். தம்ளர்கள் தட்டில் நடக்கத் தொடங்கின. வந்தவர்கள் வாயசைத்தார்கள், ஒன்றும் கேட்கவில்லை. நல்லம்மாள் என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கும் என்னை உட்காரவிடுவதில்லை. உத்தரவின் நகல் என் பையில் இருந்தது. எழுந்தேன்.

தூணோரம் நின்ற தெய்வானை என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவள் கண் என்மேல் இல்லை. மாப்பிள்ளைப் பையன் தன் அக்காவின் பக்கம் சாய்ந்து, யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் எதையோ சொல்லிக்கொண்டிருந்தான். மில் தெருவில் பிறந்த பிள்ளைகளுக்குக் காது எதற்கு? எதிர்வீட்டுக்காரியோடு நாள் முழுக்க உதட்டைப் பார்த்தே கதை பேசுகிறவர்கள். அவன் பேசிய ஒவ்வொரு சொல்லையும் அவள் வாங்கிக்கொண்டிருந்தாள். அவன் என்ன கேட்டான் என்று கல்யாணத்துக்கு அப்புறம்தான் எனக்குச் சொன்னாள்: "நம்ம ஊட்டுக்கு வந்தா இந்தப் புள்ள சிரிக்குமாக்கா?"

அன்று அது எனக்குத் தெரியாது. கையை விடுவித்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினேன். அவள் விடவில்லை. என் காதோடு வாயை வைத்து, அந்த வீட்டில் நான் கேட்டதிலேயே மெல்லிய குரலில் சொன்னாள்: "நிறுத்தச் சொல்லாதீங்கக்கா. அவிய இன்னும் பேசி முடிக்கலீங்க."

இத்தனை வருஷம் ஊரார் புகார்களையெல்லாம் எழுதியெழுதி விரல் காய்த்ததுதான் மிச்சம். நான் உருப்படியாகப் பார்த்த நகரசபை வேலை, அன்று எழுதாமல் விட்ட அந்த ஒரு புகார்தான் என்று இப்போது படுகிறது.